திருத்திய பிரதி

“செத்த நேரம் பொறுங்கக்கா, பசை இன்னும் சூடாத்தான் இருக்கு” என்று பிரஸ்காரன் விக்னேஷ்வரன் சொல்லி முடிப்பதற்குள் ஜெபா புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாள். புத்தகத்தின் முதுகுப் பக்கம் நிஜமாகவே சுட்டது. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டாள். அட்டையில் மேலே ‘கேட்டுக்கு உள்ளே’ என்றும் கீழே ‘சி. பொன்னுராஜ்’ என்றும் இருந்தது. முதுகிலும் அதே பெயர், பொடியாக, ஆனால் வாசிக்கிற மாதிரி. ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். பசை வாடைதான் அடித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பால்கோவாக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த டிஜிட்டல் பிரஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லாம் அடிப்பார்கள். செத்தவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற நினைவு மலர்களும் அங்கேதான் அச்சாகும். புத்தகம் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கடைக்குள் வருகிறவர்கள் அநேகமாக நினைவு மலருக்காக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஜெபாவின் அப்பா பொன்னுராஜ் சாகவில்லை. பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ராஜபாளையத்தில், வீட்டின் நடு அறையில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் ஃபிட்டராக ஆயுசு முழுக்க வேலை பார்த்த நுரையீரல். மதுரையில் எல்லாம் பார்த்துவிட்டு, “வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. இன்று காலையில் அவர் கஞ்சியைத் தள்ளிவிட்டார். இன்றைக்குள் அவர் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜெபா விடிந்ததும் பஸ் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

அட்டையைத் திறந்தாள். முதல் தாளில் அப்பாவின் படம். வெள்ளைச் சட்டை, ஓய்வு பெற்ற அன்று மில்லில் எடுத்தது. படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. கீழே, ‘தோற்றம்: 04.06.1962’. அதற்குப் பக்கத்தில், ‘மறைவு:’ என்று போட்டு, பின்னால் வரிசையாகப் புள்ளிகள்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு விக்னேஷ்வரன் முன்னால் நீட்டினாள். அவன் பார்த்தான்.

“அய்யோ... அக்கா, இது எங்க டிசைன் புள்ள பண்ண வேல. நேத்து நீங்க போட்டோ தனியா வாட்ஸப்ல அனுப்பினீங்கல்ல, அவசரம்னு வேற சொன்னீங்க. அவசரப் புஸ்தகம்னாலே எங்ககிட்ட... அதுக்குன்னு ஒரு டிசைன் வெச்சிருக்கோம்க்கா. போட்டோவயும் உள்ள இருந்த பொறந்த தேதியயும் தூக்கி அதுல வெச்சிருக்கா. தேதி பொறவு கேட்டுப் போட்டுக்கலாம்னு...”

“எங்கப்பா உசுரோட இருக்காவ, தம்பி.”

“தெரியும்க்கா. எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லாம விட்டுட்டேன்.”

அவனைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. படப் பக்கத்தை அச்சுக்கு முன் ஒரு தடவை காட்டச் சொல்லாமல் விட்டது அவள்தான். ஜெபா இதே ஊரில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் செய்கிறவள். தப்போடு ஒரு தாள் அந்த ஆபீஸை விட்டு வெளியே போனதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பிறகு அந்தப் பெருமைதான் அவளுக்குத் துணை என்று அம்மா பரிபூரணம் சாடையாகச் சொல்வாள்.

புத்தகத்தையும் அவள்தான் டைப் செய்தாள். அப்பாவுக்கு உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை. செல்போனில் பேசிப் பேசி அனுப்புவார். மில்லுக்குள் நடந்த கூத்துகள், கேட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாத சண்டைகள், சமாதானங்கள், இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள், அந்த விரலோடு வேலையையும் விட்டவர்கள். மதிய இடைவேளையில் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டு அடிப்பாள். வார்த்தை ஒன்றைக்கூட மாற்றவில்லை. இருமலை மட்டும் விட்டுவிட்டாள்.

ஆடியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. “ஏட்டி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் குடு, போதும். நாலு பேரு வாசிச்சா சரி” என்றார் அப்பா. ஜெபாவுக்கு அது போதவில்லை. புத்தகம் போடுவதற்கு இத்தனை வழி இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருந்தால் அப்பாவுக்கு ஆவணியிலேயே புத்தகம் கிடைத்திருக்கும்.

முதலில் சிவகாசியில் விசாரித்தாள். ஆப்செட்டில் ஐநூறு பிரதியாக அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்றார்கள். அதுவும் காலண்டர் சீசன், கார்த்திகை கழியட்டும் என்றார்கள். மதுரையில் ஒரு பதிப்பகம் தங்கள் பெயரிலேயே வெளியிடுவதாகச் சொன்னது. ஆனால் அத்தனை ‘ஏலே’யையும் எடுத்துவிட்டு நல்ல தமிழில் மாற்ற வேண்டுமாம். அதைச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பு இருமலாகி, அவரை நிமிர்த்தி உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மின்புத்தகம் என்றாள். “கரண்டு போனா புஸ்தகமும் போயிருமா?” என்றார். கடைசியில் சென்னையில் ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்தாள். கேட்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிறபோது ஒவ்வொன்றாக அடித்துத் தருவார்கள், ஒரு பிரதி என்றாலும் தருவார்கள். அதற்கு ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் நல்லது என்று எங்கேயோ படித்து, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். எண் வந்தது. மாதிரிப் பிரதியும் வந்தது. தாள் ரொம்ப வெள்ளையாக, கண் கூசுகிற மாதிரி இருந்தது. இளமஞ்சள் தாளில் கேட்டு எழுதினாள். அது வந்தபோது எழுத்து மெலிந்து தெரிந்தது. எழுத்துருவை மாற்றினாள். பக்கம் குறைந்து புத்தகம் ஒல்லியாகிவிட்டது. முதுகில் பெயர் போட இடமில்லை என்றார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தாளைத் தடிமனாக்கி மறுபடி அனுப்பினாள்.

“எழுத்து தெரிஞ்சா போதும்ட்டி” என்றார் அப்பா. புரட்டாசியில் அதை உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஐப்பசியில் படுத்துக்கொண்டு சொன்னார். கார்த்திகை பிறந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் மாதிரி சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது அவளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. புத்தகம் முடியாத வரைக்கும் வேறு எதுவும் முடியாது என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை. படித்த பெண், அது எவ்வளவு மடத்தனம் என்று தெரியாதவள் இல்லை. தெரிந்துதான் செய்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகுதான் இளமஞ்சளும் எழுத்துருவும் எங்கோ போய், ஆபீசிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த இந்தக் கடைக்கு ஓடிவந்தாள்.

“ப்ளேடு வெச்சு அந்த ஒரு தாள நைசா எடுத்துருதேன்க்கா” என்றான் விக்னேஷ்வரன். “எடுத்ததே தெரியாது. இப்பவே கொண்டுட்டுப் போயிரலாம்.”

ஜெபா தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நடுவாக இரண்டே வரி. ‘பரிபூரணத்துக்கு. அவளுக்கு எல்லாம் தெரியும்.’

“பின்னால எங்கம்மா பேரு இருக்கு.”

“இன்னொரு தாள்ல அத மட்டும் அடிச்சுச் செருகிக் குடுக்கவா?”

“ஒட்டாமக் கெடக்கும். தொறந்ததும் விழும்.”

“அப்ப ஸ்டிக்கர் அடிச்சு மேல ஒட்டிருவமா?”

“தடவிப் பாப்பாவ. அடியில என்ன இருக்குன்னு உரிச்சுப் பாப்பாவ. ஃபிட்டருல்லா.”

“அப்ப அந்தத் தாள மட்டும் புதுசா அடிச்சு, பிரிச்சு, மறுபடி பைண்ட் பண்ணணும். இந்தப் புஸ்தகத்தப் பிரிச்சா அட்ட போயிரும். முழுசாவே இன்னொண்ணு போட்டாத்தான் நல்லாருக்கும். முக்கா மணி நேரம் ஆகும். ஆறினாத்தான் வெட்ட முடியும்.”

ஜெபா புத்தகத்தைப் பார்த்தாள். படம் நன்றாகவே வந்திருந்தது. அந்தப் புள்ளிகளும் நன்றாகவே வந்திருந்தன.

“போடுங்க” என்றாள்.

இயந்திரம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு ஒருவர் வந்து ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். போன் அடித்தது. தம்பி சாம்சன். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை. ஒரு வாரமாக அதற்குப் போகவில்லை.

“அக்கா, எங்க இருக்க?”

“பிரஸ்லதான்.”

“அப்பா ஒரு மாதிரி மூச்சு வாங்குதாவ. கண்ணத் தொறந்து கேட்டாவ. வந்துரு.”

“புஸ்தகம் ரெடியாயிருச்சுன்னு சொல்லு. ஒரே ஒரு தாள்ல தப்பு, அதத்தான் சரி பண்ணுதாங்க. கையோட கொண்டாரேன்னு சொல்லு.”

சாம்சனுக்குப் பின்னால் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. வீட்டிலிருந்து வருகிற எந்தப் போனிலும் கொஞ்ச நாளாக அந்த இரைச்சல் இருக்கும். பழகிப்போய்விட்டது.

“சரி, சொல்லுதேன். ஆனா நீ கெளம்பு.”

“அம்புட்டுத்தான், முடியப்போவுது” என்றாள்.

கிளம்பியிருக்கலாம். அந்த நேரத்தில் ராஜபாளையத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ். அவள் எழுந்துகூட நின்றாள். அப்போது இயந்திரம் நின்று, விக்னேஷ்வரன் புதுத் தாளை எடுத்துவந்து காட்டினான். கறுப்புக் கோடு இல்லை. தோற்றமும் இல்லை, மறைவும் இல்லை. படத்துக்குக் கீழே ‘சி. பொன்னுராஜ்’ என்று மட்டும் இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

தாள்களைத் தட்டி அடுக்கி, கவ்வியில் கொடுத்து, பசைக்கு மேல் ஓட்டி, அட்டையில் அழுத்தினான். “ஆறட்டும்” என்று ஃபேனுக்கு நேராக வைத்தான். அவன் டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். பிறகு வெட்டும் இயந்திரத்துக்கு அடியில் வைத்து ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் மறுபடி அடித்தது.

“அக்கா” என்றான் சாம்சன்.

அதற்கு மேல் அவன் பேசவில்லை. ஜெபாவும் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் எந்த இரைச்சலும் இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியை முதலில் கேட்டாள். அதன் பிறகுதான் எங்கோ தள்ளி, அம்மாவின் குரல், அழுகை மாதிரி இல்லாமல், யாரையோ அதட்டுகிற மாதிரிக் கேட்டது.

கத்தி இறங்கி புத்தகத்தின் ஓரத்தை வெட்டியது. சீவல்கள் சுருண்டு கீழே விழுந்தன. விக்னேஷ்வரன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

“அக்கா” என்றான் சாம்சன் மறுபடியும். “அங்கதான இருக்க. போஸ்டருக்குச் சொல்லிட்டு வந்துருதியா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அடக்கம். போதகர் சொல்லிட்டாரு.”

“சொல்லுதேன்” என்றாள்.

விக்னேஷ்வரனிடம் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அப்பாவின் படம் ஏற்கனவே அதில் இருந்தது. சற்று முன் அவன் நீக்கிய கறுப்புக் கோடும் பழைய டிசைனில் அப்படியே இருந்தது. புள்ளிகளை அழித்துவிட்டு இன்றைய தேதியை அடித்தான். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரி அவனிடம் தயாராகவே இருந்தது. என்ன தாள் என்று யாரும் கேட்கவில்லை. என்ன எழுத்து என்று யாரும் கேட்கவில்லை. நாலு மாதத்தில் ஆகாத வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

“பாத்துக்கங்கக்கா” என்று திரையைத் திருப்பினான்.

பார்த்தாள். கை தன்னால் திரையில் ஒரு இடத்தைத் தொட்டது. “பத்து மணின்னு இருக்கு. காலைன்னு போடல” என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். சத்தம் வரவில்லை. விக்னேஷ்வரன் எழுந்துபோய்க் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றுகொண்டான்.

இரண்டு புத்தகங்களையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தான். எதற்கு இரண்டு என்று அவள் கேட்கவில்லை.

பஸ்ஸில் போஸ்டர் சுருளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், “பேனராம்மா? விசேஷமா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள். தாளை ப்ளேடால் எடுத்திருக்கலாம். எடுத்துவிட்டு, அம்மா பெயரைப் பேனாவால் எழுதியிருக்கலாம். ஸ்பைரலே போட்டிருக்கலாம். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். எல்லாமே நல்ல வழிகளாகத்தான் இருந்தன.

வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடு அறையில் கட்டில் இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அப்பாவுக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சிவந்த தடம் மட்டும் மிச்சம். ஜெபா கண்ணாடியில் கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. காலையிலிருந்து சூட்டையே பிடித்துக்கொண்டிருந்த கை. அழுதாள். நிறைய நேரம் அழுதாள். அவளை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

சாம்சன் பையைத் திறந்து புத்தகங்கள் இரண்டையும் மெழுகுவர்த்தி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்தான். சாயந்தரம் ஆலங்குளத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் உடன்பிறந்தவள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மேலே இருந்த புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். படத்தையும் கறுப்புக் கோட்டையும் மறைவையும் பார்த்தாள்.

“இன்னைக்குச் செத்தவனுக்கு இன்னைக்கே புஸ்தகமா?” என்றாள், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. “தேதிய மட்டும் காலியா விட்டிருக்கு. எப்ப வருமோ, எழுதிக்கலாம்னு முன்னாடியே அடிச்சு வெச்சிட்டாவளா?”

நாலைந்து முகங்கள் ஜெபாவின் பக்கம் திரும்பின. அது பிரஸ்காரன் தப்பு, அதைத் திருத்தத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அது எதற்குப் பதிலாகும் என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

பரிபூரணம் சுவரில் சாய்ந்திருந்தவள் கையை நீட்டினாள். “இங்க குடுங்க மதினி.” வாங்கி, அதே தாளைத் திருப்பினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். உதடு அசைய அந்த இரண்டு வரியையும் வாசித்தாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தாள். முன்பக்கத்துப் புள்ளிகளை அவள் கண்டுகொள்ளவே இல்லை. புத்தகத்தை மூடி, சேலை மடிப்புக்குள் செருகி வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

வாசலில் சாம்சன் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தான். ஜெபா போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

“கடைசியில புஸ்தகத்தக் கேட்டாவளா?”

அவன் நாற்காலியை விரித்துப் போட்டான். இன்னொன்றையும் விரித்தான்.

“சொல்லுலே.”

“நீ வந்துட்டியான்னு கேட்டாவ” என்றான். “புஸ்தகம் வருது, ரெடியாயிருச்சுன்னேன். அது கெடக்கட்டும், அவள வரச் சொல்லுன்னாவ. பொறவு ஒண்ணும் பேசல.”

அவன் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க மிச்ச நாற்காலிகளை ஜெபாவும் விரித்துப் போட்டாள். ஒரு நாற்காலியின் கால் ஆடியது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மறுநாள் காலையில் மில் ஆட்கள் வந்தார்கள். வேலையில் இருப்பவர்கள் சிலர், நின்றுவிட்டவர்கள் பலர். தங்கச்சாமி எல்லோருக்கும் முன்னாலேயே வந்துவிட்டார். அப்பாவோடு ஒரே நாளில் மில்லில் சேர்ந்து, ஒரே நாளில் வெளியே வந்தவர். உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தார், மாலையை வைத்தார். வெளியே வரும்போது முக்காலியில் மிச்சம் இருந்த புத்தகம் அவர் கையில் இருந்தது. பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

காப்பி கொண்டுபோனார்கள். அவர் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். “உம்” என்றார். ஒரு பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். போதகர் வந்து எல்லோரும் எழுந்து நின்றபோது அவரும் எழுந்து நின்றார், புத்தகத்தோடு. பாட்டுப் பாடினார்கள். ஜெபம் ஆரம்பித்தது. தலைகள் குனிந்திருந்தன. அந்த நேரத்தில் பந்தலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

சின்னச் சிரிப்பில்லை. அடக்கப் பார்த்து அடங்காமல் மூக்கு வழியாக வெளியே வந்த சிரிப்பு. போதகர் ஒரு விநாடி நிறுத்தி மறுபடி தொடர்ந்தார். அத்தை திரும்பி முறைத்தாள். சாம்சனும் திரும்பினான். தங்கச்சாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபம் முடிந்ததும் ஜெபா அவரிடம் போனாள். எந்த இடம் என்று பக்கத்தை எட்டிப் பார்த்தாள். புது மேனேஜர் ராத்திரி ரவுண்ட்ஸ் வருகிறார். பஞ்சுப் பொதிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் சத்தம் கேட்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக எழுந்து நிற்கிறான். மேனேஜர் அலறிக்கொண்டு ஓடுகிறார். புத்தகத்தில் அவன் பெயர் சிங்காரம்.

“அது நான்தாம்மா” என்றார் தங்கச்சாமி. “பேர மாத்திட்டான். மேனேஜரு செருப்ப விட்டுட்டு ஓடுனத எழுதிருக்கான் பாரு. அத நான் மறந்தே போயிட்டேன்.” மறுபடி சிரிப்பு வந்தது. துடைத்துக்கொண்டார். “பேசுத மாதிரியே இருக்கு. பக்கத்துல நின்னு பேசுத மாதிரியே இருக்கு, அந்தப் பாவி.”

ஜெபா அந்த வரியை அவரோடு சேர்ந்து வாசித்தாள்.

உள்ளே சவப்பெட்டியை மூடினார்கள். அம்மாவின் குரல் முதல்தடவையாக உடைந்து எழுந்தது. “மில் ஆளுக நாலு பேரு இந்தப் பக்கம் பிடிங்க” என்று யாரோ கூப்பிட்டார்கள். தங்கச்சாமி கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் பார்த்தார். மூடவும் மனசில்லை. பிறகு திறந்தபடியே அவளிடம் நீட்டினார்.

“இந்த எடத்துல வெரல வெச்சுக்கம்மா. பக்கத்த விட்டுராத. வந்து வாசிக்கேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வண்டி தெருமுனை வரைதான் வரும் என்பதால் அதுவரை தூக்கித்தான் போக வேண்டும். பெண்கள் பின்னால் கிளம்பினார்கள். சாம்சன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். ஜெபா கூட்டத்தோடு நடந்தாள். யாரோ அவள் கையைப் பிடிக்க வந்தார்கள். அவள் இடது கையைக் கொடுத்தாள். வலது கையில் புத்தகம் இருந்தது, நடுவில் அவள் விரலோடு.